பொழுது சாய்ந்த பிறகு குளோரின்

ஏப்ரல் கடைசி வாரத்தில், கோலார் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் உச்சிவேளைக்கு நட்டுவைத்த கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும் நாட்கள் அவை. கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்பதால் காற்றில் கொஞ்சம் குளுமை இருக்கலாம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிருக்கு அந்தக் குளுமை தடையில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நீச்சல் பயிற்சியில் சேருவதும், பெங்களூரில் சித்தப்பா வீட்டு அபார்ட்மென்ட் குளத்தில் நாள் முழுக்கக் கிடப்பதும், குடும்பத்தோடு ரிசார்ட் போவதும் அந்த வாரங்களில்தான். அந்தக் குளங்களின் தண்ணீரைக் கிருமியில்லாமல் காத்து நிற்பது பெரும்பாலும் குளோரின் ஒன்றே. அதை வெயில் மிக வேகமாகத் தின்று தீர்ப்பதும் அதே வாரங்களில்தான்.

நீச்சல்குளத்துக்குக் குளோரின் போட ஏற்ற நேரம் எது என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. பொழுது சாய்ந்த பிறகு, கடைசி ஆள் கரையேறிய பிறகு, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது போட வேண்டும். மறுநாள் காலையில் அளந்து பார்த்து, அளவு சரியாக இருந்தால்தான் முதல் ஆளைத் தண்ணீரில் இறக்க வேண்டும். பல இடங்களில் நடப்பது நேர் எதிர். காலையில் குளம் திறக்கும் நேரத்துக்கு ஒருவர் பிளாஸ்டிக் பக்கெட்டோடு வந்து கரையோரமாகப் பவுடரைத் தூவிவிட்டுப் போவார். பிள்ளைகள் பின்னாலேயே குதிப்பார்கள். அவர்கள் குதிக்கும் இடத்தில் பவுடர் இன்னும் கரைந்திருக்காது. நண்பகலுக்குள் அது இருந்த தடமும் தெரியாமல் போய்விடும். காலையில் கண்ணுக்கும் தோலுக்கும் எரிச்சல், மதியத்தில் கிருமிக்குத் திறந்த கதவு. ஒரே பக்கெட் இரண்டு தீங்கையும் செய்கிறது.

வெயில் செய்யும் வேலை

எந்த வடிவத்தில் போட்டாலும், பவுடரோ மாத்திரையோ திரவமோ, தண்ணீரில் குளோரின் இரண்டு உருவங்களில் நிற்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியைக் கொல்லும் வீரியம் அதற்குத்தான். மற்றது ஹைப்போகுளோரைட் அயனி, வீரியத்தில் மிகப் பின்தங்கியது. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவு தீர்மானிக்கிறது. பிஎச் 7.5 இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய பாதிப்பாதி. பிஎச் ஏற ஏற வீரியமுள்ளது குறைந்து, வீரியமற்றது கூடும். அந்த வீரியமற்ற உருவம்தான் சூரியனின் புற ஊதாக் கதிரை அதிகமாக வாங்கிக்கொண்டு சிதைகிறது. பிஎச்சைக் கவனிக்காத குளத்தில் குளோரின் சோம்பலாகவும் வேலை செய்யும், சீக்கிரமும் சாகும். 7.2க்கும் 7.8க்கும் இடையே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

பாதுகாப்புப் பொருள் ஏதும் சேர்க்காத திறந்தவெளிக் குளத்தில், நல்ல உச்சி வெயிலில், தண்ணீரில் இருக்கும் குளோரினில் பாதி முக்கால் மணிநேரத்துக்குள் போய்விடும். அடுத்த முக்கால் மணியில் மிச்சத்தில் பாதி. இரண்டு மணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை காலி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் சிறிய குளத்தில் குளோரினை 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 100 கிராம் தூய குளோரின் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குளோரின் கொண்ட நல்ல பிளீச்சிங் பவுடராக இருந்தால் 300 கிராம். காலை பதினோரு மணிக்கு ஒருவர் 900 கிராம் பவுடரைப் போட்டு 3 பிபிஎம் ஏற்றினால், ஒரு மணிக்கு அதில் 800 கிராம் வரை வீணாகியிருக்கும். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வரும்போது, வெறும் தண்ணீரில் நாற்பது பிள்ளைகள்.

இரவில் இந்த இழப்பு இல்லை. வியர்வையும் எண்ணெயும் சிறுநீரும் புதிதாகச் சேர்வதும் இல்லை. குளோரினுக்குக் கிருமியோடு தனியாக இருக்க எட்டு, ஒன்பது மணிநேரம் கிடைக்கிறது. இந்த நேரம் முக்கியம். 1 பிபிஎம் குளோரின் இருக்கும் சரியான தண்ணீரில் ஈ. கோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் சாகும். மஞ்சள்காமாலை ஏ வைரஸுக்குக் கால் மணிநேரம். வயிற்றுப்போக்கைத் தரும் ஜியார்டியாவுக்கு முக்கால் மணிநேரம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் அதே அளவில் பத்து நாட்கள் வரை தாங்கும். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையைக் குளத்தில் இறக்கவே கூடாது என்பதற்கு இந்தப் பத்து நாள் கணக்கே காரணம். எந்த ராத்திரிக் குளோரினாலும் அந்தத் தவறை மறுநாள் காலைக்குள் சரிசெய்ய முடியாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ராத்திரி ஒரு வேளை போட்டுவிட்டால் மறுநாள் முழுக்கப் போதும் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் ஆபத்து. ராத்திரி போடுவது கனமான அளவு, குளத்தைச் சுத்திகரிக்கும் அளவு. பகலில் ஆள் இறங்கிக்கொண்டிருக்கும் குளத்துக்குக் குழாய் வழியாகச் சிறுகச் சிறுகச் செலுத்தும் கருவி வேண்டும். கருவி இல்லாத இடத்தில் நண்பகல் இடைவேளை விட்டு, ஆளை வெளியேற்றி, அளந்து, போட்டு, கலக்க விட்டு, மறுபடி அளந்து திறக்க வேண்டும். பதினோரு மணியிலிருந்து நான்கு மணிவரை குளத்தை மூடிவைப்பது எல்லா வகையிலும் நல்லது. பிள்ளைகளின் தோலும் அந்த வெயிலுக்குத் தப்பும்.

வெயிலைச் சமாளிக்க இன்னொரு வழி சயனூரிக் அமிலம். கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்பார்கள். டிசிசிஏ என்ற பெரிய வெள்ளை மாத்திரையில் இது குளோரினோடு சேர்ந்தே வரும். 30 பிபிஎம் அளவுக்கு இருந்தால் குளோரின் வெயிலில் பல மடங்கு நேரம் நிலைக்கும். ஆனால் அது குளோரினைக் காப்பதோடு கட்டியும் போடுகிறது, கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சாதாரணக் குளத்தில் குறைந்தது 1 பிபிஎம், ஸ்டெபிலைசர் சேர்த்த குளத்தில் குறைந்தது 2 பிபிஎம் என்று பிரித்துச் சொல்கிறது. குளோரின் கரைந்து போகும், ஸ்டெபிலைசர் போகாது. டிசிசிஏ மாத்திரையால் 10 பிபிஎம் குளோரின் சேர்க்கும்போதெல்லாம் 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் தண்ணீரில் தங்கிவிடுகிறது. சில மாதங்களில் நூறைத் தாண்டும். அளவுக் கருவி 2 பிபிஎம் என்று காட்டும், கிருமியோ சுகமாக இருக்கும். தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதே இதற்குத் தீர்வு.

நம் பக்கத்தில் அந்தப் புதுத் தண்ணீர் எங்கிருந்து வரும்? 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது பெங்களூர் குடிநீர் வாரியம் நீச்சல்குளங்களுக்குக் குடிநீர் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. கோலார் மாவட்டத்தின் போர்வெல் தண்ணீரோ உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினநீர். அதில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்து தண்ணீர் கலங்கும், குழாயில் படியும். டேங்கருக்குக் காசு கொடுத்துக் குளத்தை நிரப்புகிறவர் தண்ணீரை மாற்றத் தயங்குவது புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை நம் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். தண்ணீர் குறைவான ஊரில் குளோரினை இரவில் போடுவது இரட்டிப்பு அவசியம். வீணாகாததால் மருந்து குறைவாகப் போதும், சேரும் கசடும் குறையும்.

மூக்கை நம்பாதீர்கள்

குளத்தருகே போனதும் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால், "நல்லாக் குளோரின் போட்டிருக்காங்க" என்று சொல்கிறோம். அந்த நெடி பெரும்பாலும் குளோரமைனுடையது. குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செலவழிந்த பிறகு மிஞ்சும் கழிவு அது. கண் சிவப்பதும் இருமல் வருவதும் அதனால்தான். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் நெடி லேசாகத்தான் இருக்கும். குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் உடம்பைக் கழுவிக்கொள்வதும், பிள்ளைகளை மணிக்கொரு தரம் கழிப்பறைக்கு அனுப்புவதும் குளோரினைக் காப்பாற்றும்.

கண்ணும் மூக்கும் போதாது, அளக்க வேண்டும். நம்மூரில் பழகிய சோதனை, சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் ஓட்டோ முறை. அது செலவழிந்த குளோரினையும் சேர்த்தே காட்டும். பிங்க் நிறம் தரும் டிபிடி மாத்திரைதான் வேலைக்கு மிச்சமிருக்கும் குளோரினைத் தனியாகக் காட்டுவது. அதிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் பிங்க் நிறம் தோன்றிய வேகத்தில் வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று நினைத்து இன்னொரு பக்கெட் கொட்டியவர்கள் உண்டு. நிறம் ஒரு நொடி மின்னி மறைந்தால், நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி சோதிக்க வேண்டும்.

இரவில் போடுவதால் வேறொரு நன்மையும் இருக்கிறது. குளம் நோயில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். இருட்டியபின் போட்டுக் கலந்ததும் ஒருமுறை அளக்க வேண்டும். விடியுமுன் இன்னொரு முறை. வெயில் இல்லாத அந்த நேரத்தில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால், பாசியோ அழுக்கோ எங்கேயோ உட்கார்ந்து குளோரினைத் தின்கிறது என்று பொருள். அன்றைக்குக் குளத்தைத் திறக்கக் கூடாது.

கேரளத்தில் கடந்த சில ஆண்டுகளாக மூளையைத் தாக்கும் அமீபா நோயால் குழந்தைகளும் பெரியவர்களும் இறந்துவருவதை அறிவோம். 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்தின் நீச்சல்குளத்தில் குளித்த 17 வயது மாணவருக்கு நோய் உறுதியானதும் அந்தக் குளம் மூடப்பட்டது. நவம்பரில் கர்நாடக சுகாதாரத் துறை சபரிமலை போகும் பக்தர்களுக்கு, தேங்கிய தண்ணீர் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அறிவுரை வெளியிட்டது. மாலை போட்டு மலைக்குப் போகிறவர்கள் நம் தெருக்களிலும் நிறையப் பேர். இந்த அமீபா குடித்தால் வருவதில்லை, மூக்கு வழியாக ஏறுகிறது. வெதுவெதுப்பான, குளோரின் குறைந்த தண்ணீரில் வளர்கிறது. 0.5 பிபிஎம்முக்கு மேல் குளோரினை விடாமல் வைத்திருந்தால், சுவரில் படியும் வழவழப்பைத் தேய்த்து எடுத்தால், அதற்கு இடமில்லை. குளித்த இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் மருத்துவரிடம் "இன்ன இடத்தில் குளித்தான்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்தத் தகவல் இல்லாமல் மருத்துவர் இந்த நோயை நினைக்க வழியில்லை.

பக்கெட்டைத் தூக்குகிறவர்

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில் சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை வழியாக நம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பெங்களூர் போகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊருக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான். அதில் போகிறவர்களில் அபார்ட்மென்ட்டுகளிலும் ஓட்டல்களிலும் காவல், துப்புரவு, பராமரிப்பு வேலை பார்க்கிறவர்கள் பலர். குளத்தில் பவுடர் போடும் வேலை பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. தனிப் பயிற்சி கிடையாது. "இந்த டப்பால ரெண்டு மக்கு போடு" என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலாகப் பதிவானது நம் கோலார் தங்கச் சுரங்கத்தில். பாறைத் தூசி நுரையீரலைக் கல்லாக்கும் என்று பாறையைத் துளைத்தவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாத்தாவின் நுரையீரலில் நடந்தது பேரனுக்கு வேறொரு வேதிப்பொருளால் நடக்க விடக்கூடாது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குடும்பத்தில் யாராவது அந்த வேலையில் இருந்தால் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

குளோரின் பொருளோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிஎச்சைக் குறைக்க ஊற்றும் ஆசிட்டும், கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் இதில் ஒன்றுதான். ஒரே மக்கால் இரண்டையும் அள்ளுவதுகூட ஆபத்து. டிசிசிஏ மாத்திரையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரையும், இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே டப்பாவில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, பக்கெட் நிறையத் தண்ணீர் எடுத்து அதில்தான் பவுடரைப் போட வேண்டும். கையுறை, கண்ணாடி, மாஸ்க் மூன்றும் முதலாளி தர வேண்டியவை, கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று போட வேண்டும். இரவில் போடச் சொல்லும்போது விளக்கு வெளிச்சமும் துணைக்கு இன்னொருவரும் இருக்க வேண்டும். ஆளில்லாத குளத்தோரம் இருட்டில் தனியாக ஒருவரை ரசாயனத்தோடு நிறுத்துவது, ஒரு ஆபத்தைத் தீர்க்க இன்னொன்றை உண்டாக்குவது.

கரண்ட் போய் வரும் ஊர்களில் ஒரு தனி ஆபத்து உண்டு. பம்பு நின்றுவிட்டது, ஆனால் குளோரினையும் ஆசிட்டையும் செலுத்தும் கருவி வேறு இணைப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அசையாத குழாயில் சேர்ந்து தேங்கும். பம்பை மறுபடி போட்ட கணத்தில் அந்தக் கலவை வாயுவாகக் குளத்துக்குள் பாயும். 2015இல் கலிபோர்னியாவின் ஒரு பொதுக் குளத்தில் இப்படித்தான் நடந்தது, 30க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். பம்பு நின்றால் கருவியும் தானாக நிற்கும்படி மின் இணைப்பு இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும், நின்ற பம்பைத் திரும்பப் போடும்போது தண்ணீரில் ஒரு ஆளும் இருக்கக் கூடாது.

வாயு எப்படிப்பட்டது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணங்கள் உள்ளன. 2010 ஜூலை 14இல் மும்பை சேவ்ரி பகுதியில், துறைமுகக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய சிலிண்டரிலிருந்து குளோரின் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2021 டிசம்பரில் ஈரோட்டை அடுத்த சித்தோடு பக்கம் பிளீச்சிங் திரவம் தயாரிக்கும் தொழிலகத்தில் கசிவு ஏற்பட்டு அதன் உரிமையாளரே உயிரிழந்தார்.

இந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தாழ்ந்த இடத்தில் தேங்கும். குளத்தின் பம்பு அறை பல கட்டடங்களில் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. நெடி அடித்தால் அங்கே இறங்கிப் பார்க்கப் போகாதீர்கள். மேட்டுக்கு, காற்று வரும் திசைக்கு நகருங்கள். பட்ட துணியைக் கழற்றி உடம்பைத் தண்ணீரில் கழுவி, கண்ணைக் கால் மணிநேரம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்று ரயில் ஏறி வீட்டுக்கு வந்து படுத்துவிடக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணிநேரம் கழித்தும் தொடங்கலாம். பெங்களூரிலேயே மருத்துவமனையில் காட்டி, வேலையிடத்தில் குளோரின் பட்டது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பின்னால் எந்த உரிமையைக் கேட்கவும் அந்தச் சீட்டு தேவைப்படும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு பொருந்தும் நிறுவனத்தில் அதைப் பிடித்துக் கட்டுவது முதலாளியின் கடமை. தொழிலாளியிடமிருந்து 0.75 சதவீதம், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதம். வேலையில் காயமாகி வீட்டில் இருக்க நேர்ந்தால் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும், ராஜாஜிநகர், இந்திராநகர் இஎஸ்ஐ மருத்துவமனைகளில் சிகிச்சையும் உண்டு. இஎஸ்ஐ இல்லாதவருக்கு வேலையில் நேர்ந்த காயத்துக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். 1923 முதல் இந்த நாட்டில் இருக்கும் உரிமை அது, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. கான்ட்ராக்ட்காரர் வழியாக வேலைக்குப் போனவர் என்று சொல்லிக் கட்டட நிர்வாகம் கைகழுவ முடியாது.

வீட்டுச் சம்புக்கும் இதே நேரம்

நீச்சல்குளம் எல்லோர் வாழ்க்கையிலும் இல்லை. சம்பு என்ற நிலத்தடித் தொட்டியும் மாடித் தொட்டியும் பெரும்பாலான வீடுகளில் இருக்கின்றன. சுரங்கக் காலத்தில் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் குழாயில் வந்த ஊரில், இப்போது சில நாட்களுக்கு ஒருமுறை வரும் தண்ணீரையும் டேங்கர் தண்ணீரையும் சேர்த்துவைத்தே குடும்பம் நடக்கிறது. கிணற்றுக்குக் குளோரின் போடுவதானால், அன்றைய தண்ணீர் இறைப்பு முடிந்த இரவே ஏற்றது என்று பொது சுகாதாரப் பாடநூல்கள் சொல்கின்றன. சம்புக்கும் அதையே செய்யலாம். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், அரைத் தேக்கரண்டி அளவு. கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். குறைந்தது ஒரு மணிநேரம் தொடக் கூடாது. இரவில் போட்டால் அந்தக் காத்திருப்பு யாருக்கும் தொல்லையில்லை.

கடையில் பவுடர் வாங்கும்போது திறந்து கிடக்கும் மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள். காற்றும் ஈரமும் பட்ட பவுடரில் குளோரின் பறந்துபோய் சுண்ணாம்புதான் மிஞ்சும். குழாயில் வரும் நகரசபைத் தண்ணீருக்கு இந்திய அளவுகோல் ஐஎஸ் 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்கச் சொல்கிறது. கோலார் நிலத்தடி நீரின் பெருந்தொல்லையான ஃபுளோரைடு குளோரினால் போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கேட்கும் உரிமை, கேட்கும் இடம்

காசு கொடுத்து நீச்சல் பயிற்சிக்குச் சேர்த்தவருக்கு, நேற்றிரவு எவ்வளவு போட்டார்கள், காலையில் எவ்வளவு இருந்தது என்று கேட்கும் உரிமை உண்டு. "அண்ணா, காலையில ரீடிங் எவ்வளவு வந்துச்சு? நோட்டுல காட்டுங்க" என்று கேட்டால் போதும். நீச்சல்குளத் தண்ணீருக்கென்றே ஐஎஸ் 3328 என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. குளோரினும் பிஎச்சும் எழுதிவைத்த பலகையோ நோட்டோ இல்லாத குளத்துக்கு, எவ்வளவு நீலமாக மின்னினாலும், நான் என் வீட்டுப் பிள்ளையை அனுப்ப மாட்டேன். குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கலங்கலில் கிருமி மட்டுமல்ல, மூழ்கும் குழந்தையும் கண்ணுக்குத் தெரியாது.

பிள்ளைக்குத் தோல் வெந்தாலோ மூச்சுத் திணறினாலோ, பில், மருத்துவச் சீட்டு, குளத்தின் படம், அன்று கூட இருந்தவர்களின் பெயர் நான்கையும் அன்றே சேர்த்துவையுங்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண், முதல் புகாரை அங்கே பதியலாம். அதில் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்கு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். குளம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கோலாரிலேயே வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது, பலருக்கும் இன்னும் இது தெரியவில்லை. சொந்தக்காரர் வீட்டு அபார்ட்மென்ட் குளத்தில் காசு கொடுக்காமல் குளித்தவருக்கு நுகர்வோர் வழி கடினம். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அலட்சியம் தெளிவாக இருந்தால் காவல் நிலையம் போக வேண்டும். நச்சுப்பொருளை மனித உயிருக்கு ஆபத்தாகும்படி அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சங்கிதையின் 286ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு.

நகரசபையோ வேறு அரசுத் துறையோ நடத்தும் குளமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கடந்த மூன்று மாதக் குளோரின் பதிவேட்டின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிவேடே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் கையில் இருக்க வேண்டிய சான்றுதான். தனியார் குளம் என்றால் உரிமம் கொடுத்த நகரசபைக்கு மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மாநில அரசின் குறைதீர்ப்பு எண் 1902இலும் பதியலாம். உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் நகரசபையிடம் இருக்கிறது. 2024 நவம்பரில் மங்களூரை அடுத்த சோமேஸ்வரத்தில் ஒரு ரிசார்ட் குளத்தில் மைசூரைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் மூழ்கி இறந்த பிறகு அந்த அதிகாரம் பயன்பட்டது, உரிமையாளரும் கைதானார். சாவுக்கு முன்னால் அதைப் பயன்படுத்த வைப்பது மனுக்கள்தான். அடுத்த கோடை விடுமுறைக்கான பயிற்சி விளம்பரங்கள் வரத் தொடங்குமுன், ஜனவரி, பிப்ரவரியிலேயே கொடுத்துவைத்தால் ஆய்வுக்கு வர அதிகாரிகளுக்கு நேரமிருக்கும்.